தவமணியைச் சுற்றி ஒரு முழம் குளிர்

கீழப்புன்னைக்காட்டில் கரண்ட் போன அன்றைக்குத்தான் மாவு மில் வைரக்கண்ணுவின் மனைவி தவமணியும் போனாள் என்பதால், அந்த ஊரில் ஒன்றைப் பற்றிப் பேச வாயெடுத்தவர்கள் மற்றதையும் சேர்த்தே பேசும்படி ஆகிவிட்டது. சித்திரைக் கடைசியில், யாரும் கேட்காமல் வந்த புயல் அது. கடலிலிருந்து ஏறி வந்து, தென்னந்தோப்புகளைச் சீப்பு வைத்து வாரியதுபோல ஒரே பக்கமாகப் படுக்க வைத்து, ஓட்டையும் தகரத்தையும் பிடுங்கி அடுத்த ஊருக்கு அனுப்பி, கரண்ட் கம்பங்களை முறித்து வயலில் போட்டுவிட்டு, விடிவதற்குள் ஒன்றும் தெரியாததுபோல மேற்கே போய்விட்டது. தவமணி அந்தக் காற்றுக்குச் சாகவில்லை. காற்றெல்லாம் ஓய்ந்து, வெயில் வந்து, வாசலில் வேரோடு சாய்ந்து கிடந்த முருங்கையைப் பார்த்து, "இனிமே இது எப்பத் தழைஞ்சு, எப்பக் காய்க்க" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவில்லை.

ஒரே பிள்ளை. மதியழகன் சவூதியில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தான். பிள்ளை வந்து முகம் பார்க்காமல் எடுப்பதில்லை என்று தெரு முழுக்க ஒரே பேச்சாகச் சொன்னதால், டவுனில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் செல்லையன், விழுந்து கிடந்த மரங்களை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு, டிராக்டரில் ஐஸ் பெட்டியையும் ஜெனரேட்டரையும் ஏற்றி வந்து சேர்ந்தான். தவமணியைக் குளிப்பாட்டி, மாம்பழக் கலர் சேலை கட்டி, பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். டீசல் இருந்தவரைக்கும் ஜெனரேட்டர் ஓடியது. தீர்ந்தபோது, சுற்றுவட்டாரத்தில் ஒரு பெட்ரோல் பங்கிலும் டீசல் கிடையாது என்று தெரிந்தது.

ஜெனரேட்டர் நின்ற மறுநாள் காலை, ஆண்கள் வாசலில் கூடிக் கூடிப் பேசினார்கள். பெண்கள் ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தி வைத்துவிட்டு, முந்தானையை மூக்குப் பக்கம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாற்றம் வரவில்லை. மதியம் ஆயிற்று, வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வைரக்கண்ணு எழுந்துபோய்ப் பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தார். கண்ணாடி வேர்த்து, சில்லிட்டிருந்தது. "குளுந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேல் யாரும் விசாரிக்கவில்லை. கம்பம் விழுந்து கிடக்கிறது, வீட்டுக்கு மேல் கூரை இல்லை, குடிக்கத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. கெட்டுப்போக வேண்டிய ஒன்று கெடாமல் இருக்கிறது என்றால் அதையா போய்க் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

செல்லையன் மட்டும் கொஞ்சம் பெருமைப்பட்டான். "நல்ல கம்பெனிப் பெட்டி மாமா, சும்மாவா" என்றான். அவன்தான் டவர் கிடைக்கிற இடம் தேடி வெகுதூரம் போய், மதியழகனோடு பேசிவிட்டு வந்தான். "பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட இருக்காம். வாங்கிக்கிட்டு வந்துர்றேன், அதுவரைக்கும் அம்மாவ வச்சிருங்கன்னு அழுவுறான்" என்று சொன்னவன், தயங்கித் தயங்கி அடுத்ததையும் சொன்னான். பக்கத்து ஊர்களிலும் சாவு விழுந்திருக்கிறது, எல்லோரும் பெட்டி கேட்கிறார்கள், இருப்பது இது ஒன்றுதான். வைரக்கண்ணு தலையை ஆட்டினார். மில்லில் நெல்மூட்டை இறக்கிவைக்கும் நீளப் பெஞ்சைக் கழுவிக் கூடத்தில் கொண்டுவந்து போட்டு, தவமணியைத் தூக்கி அதில் படுக்க வைத்தார்கள். தூக்கிய நாலு பேருக்கும் கை விறைத்துப் போயிற்று. குளிர் அவளோடு கூடவே பெஞ்சுக்கு வந்துவிட்டது. அவளைச் சுற்றி ஒரு முழத்துக்குக் குளிர்ந்தது, அதைத் தாண்டினால் வெயில் காலம். செல்லையன் தன் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தான். அடுப்பங்கரைபோல வெக்கையாக இருந்தது. அதை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனான்.

இப்போது ஊருக்கு ஒரு சிக்கல் வந்தது. தெருவில் பிணம் கிடக்கும்போது அந்தத் தெருவில் அடுப்பு மூட்டுவதில்லை, கோயில் நடை திறப்பதில்லை. மாரியம்மனுக்கோ புயலுக்கு முன்பே காப்புக் கட்டியாகிவிட்டது. பிள்ளைகள் எத்தனை நாளைக்குப் பொரியும் பழமும் தின்று கிடக்கும். நாட்டாமை பெரியதம்பி, பஞ்சாயத்தை வைரக்கண்ணு வீட்டு வாசலிலேயே கூட்டி, வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "தவமணி செத்துப்போச்சு, அதுல பேச்சில்ல. ஆனா பொணம்னா அது அழுவி நாறணும். நாறாத வரைக்கும் ஊர்ல சாவு விழுந்ததாக் கணக்கில்ல. கரண்ட்டு போயிருக்கு, வரும். அதுமாரி இதுவும் ஒரு பக்கமா நின்னு இருக்கு. அடுப்ப மூட்டுங்க." பூசாரி அன்றைக்கே நடை திறந்தார். ஆனாலும் மனசு ஒப்பாமல், தீபாராதனை காட்டும்போது மணியை மட்டும் அடிக்காமல் விட்டார்.

ஒப்பாரி வைக்க வந்த பெண்களின் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று. தவமணியின் குணத்தையும், அவள் வாழ்க்கைப்பட்டு வந்த சிறப்பையும், பிள்ளையை வளர்த்த பாட்டையும் எத்தனை முறைதான் திருப்பித் திருப்பி அழுவது. எல்லாம் தீர்ந்தபின், ஒருத்தி மெல்லத் தன் வீட்டுத் தென்னம்பிள்ளைகளைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். பெயர் வைத்து வளர்த்த மரங்களாம், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பறந்துபோன கூரைக்கு ஒருத்தி, செத்துப்போன சினைப்பசுவுக்கு ஒருத்தி, கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்து நனைந்துபோன பட்டுச் சேலைக்கு ஒருத்தி என்று அந்தத் தெருவின் அழுகையெல்லாம் தவமணியின் கால்மாட்டில் உட்கார்ந்துதான் அழப்பட்டது. வைரக்கண்ணு மட்டும் அழவில்லை.

அவருக்குப் பேச வேண்டியிருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மில்லில் அவர் பெல்ட்டு பக்கமும் அவள் தானியம் கொட்டும் பக்கமுமாக நின்று, அந்த இரைச்சலுக்கு மேல் கத்தியும் கையைக் காட்டியுமே குடித்தனம் நடத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்தாலும் மில் இரைச்சல் காதுக்குள்ளேயே இருக்கும். அதனால் அவர் பெண்டாட்டியிடம் அன்பாகச் சொன்னதுகூட ஊருக்குச் சண்டைபோலத்தான் கேட்டது. இப்போது கரண்ட் இல்லை. மில் கூரை பறந்து கிடந்தது. மோட்டார் இல்லை, டிவி இல்லை, கிரைண்டர் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் காக்கையைத் தவிர ஒரு சத்தமில்லை. வைரக்கண்ணு பெஞ்சுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் குரல் இவ்வளவு சின்னதா என்று தானே அதிசயப்பட்டுக்கொண்டு, அவளிடம் பேசத் தொடங்கினார். பெரிய ரகசியமெல்லாம் இல்லை. யார் யார் வந்து போனார்கள், எந்தத் தெருவரைக்கும் கம்பம் நட்டிருக்கிறார்கள், இன்றைக்கு ரசத்தில் உப்புக் கூட, இப்படித்தான். ஆனால் அதைச் சொல்லி முடித்ததும் அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. இதைச் சொல்லத்தான் வேண்டும், இவ்வளவு வருஷமும் இது வேண்டியிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு வீடு தள்ளி பரமேஸ்வரி இருந்தாள். புருஷன் திருப்பூர்ப் பக்கம் போனவன் போனவன்தான். ஒரே மகள் இலக்கியா, நாலாவது படிக்கிறது. பிறந்ததிலிருந்தே நோஞ்சான் என்று நினைத்திருந்த பிள்ளைக்குச் சர்க்கரை என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, தினமும் ஊசி போட வேண்டும், மருந்தைக் குளிர்ச்சியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தவமணி வைரக்கண்ணுவைப் பிடுங்கி எடுத்து பிரிட்ஜ் வாங்க வைத்ததே அதற்காகத்தான். அதன் கதவுத் தட்டில் இலக்கியாவின் மருந்து மட்டும்தான் இருக்கும். மற்றதை வைத்தால் தவமணிக்குக் கோபம் வரும்.

பிரிட்ஜ் செத்துக் கிடந்த நாட்களில் பரமேஸ்வரி மருந்தை மண்பானையில் வைத்துப் பார்த்தாள். நிழல் தர ஒரு மரம் மிச்சமில்லை. தார்ப்பாய் போட்ட கூரைக்குக் கீழே பானைத் தண்ணீரே கொதித்தது. மருந்து கலங்கிப்போய், ஊசி போட்டும் பிள்ளைக்கு வாந்தி நிற்கவில்லை, கண் சொருகிச் சொருகிப் படுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தெளிய வைத்து, இருந்த மருந்தில் கொஞ்சத்தைக் கொடுத்து, "இதையும் வெக்கையில விட்டுறாதம்மா, அடுத்த லோடு எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது" என்றார்கள்.

பரமேஸ்வரி அந்த மருந்தை ஒரு டிபன் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, மொட்டை வெயிலில் வைரக்கண்ணு வீட்டு வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. ஒப்பாரிப் பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். அவள் எதற்கு நிற்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"பொணத்துகிட்ட வச்சதப் பச்சப் புள்ள ஒடம்புல ஏத்துறதா? கேக்கவே கொல நடுங்குதே" என்றாள் ஒருத்தி.

"பொணமா? அக்காதான?" என்றாள் பரமேஸ்வரி.

வைரக்கண்ணு எழுந்து போய் டப்பாவை வாங்கி, தவமணியின் இடுப்போரம், சேலை மடிப்புக்குப் பக்கத்தில் வைத்தார். "வேளைக்கு வந்து எடுத்துக்க" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

பிள்ளை தேறியது. எழுந்து உட்கார்ந்தது, பசிக்கிறது என்றது, வாசலில் விளையாட வந்தது. அதைப் பார்த்த பிறகு தெரு தயங்கவில்லை. கைக்குழந்தைக்காரி பால்பாட்டிலோடு வந்தாள். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர் சொட்டு மருந்தோடு வந்தார். தோசைமாவு வந்தது, தயிர் வந்தது, அம்மனுக்குக் கட்டிய பூச்சரம் வாடாமலிருக்க வாழை இலையில் சுற்றிப் பூசாரி வீட்டிலிருந்தே வந்தது. கவிச்சி மட்டும் ஆகாது என்று பெண்களாகவே ஒரு கட்டு வைத்துக்கொண்டார்கள். பீர் பாட்டிலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வந்த ஒருவனை விளக்குமாற்றால் அடித்து விரட்டினார்கள். மதிய வெயிலில் வேர்க்குருவால் கத்துகிற குழந்தைகளைக் கொண்டுவந்து பெஞ்சுக்கு அடியில் துணி விரித்துப் போட்டால், தொட்டிலில் போட்டதுபோல அயர்ந்து தூங்கின. எடுக்க வருகிறவர்கள் "போயிட்டு வாரேன் அக்கா", "வச்சிருக்கேன் அத்தே, பாத்துக்க" என்று தவமணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கரண்ட் எப்போது வரும் என்று முன்பெல்லாம் போகிற வருகிற லைன்மேனை மறித்துக் கேட்டவர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மதியழகன் ஒரு சாயங்காலம் வந்து சேர்ந்தான். பஸ் வராத ஊருக்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தான். வந்தவன் வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டு, உள்ளே ஓடி, அம்மாவின் முகத்தைப் பார்த்தான். போனபோது விட்டுப்போன முகம் அப்படியே இருந்தது. நெற்றியைத் தொட்டான். தொட்ட கையை எடுக்காமல் தரையில் முழங்காலிட்டு அழுதான். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். வந்துவிட்டான், முகம் பார்த்துவிட்டான், இத்தனை நாள் காத்ததற்கு அர்த்தம் வந்துவிட்டது என்று நாட்டாமைகூடத் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் மதியழகன் மற்றதையெல்லாம் பார்த்தான். தலைமாட்டில் தயிர்ச் சட்டி. கைப்பக்கம் பால்பாட்டில். காலடியில் தோசைமாவு. "என்னப்பா இது?" என்றான். ஒவ்வொருவராக வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், தங்கள் தங்கள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையில் எடுப்பதாகப் பேச்சு. பறை அடிக்கிறவர்களுக்குச் சொல்லியாயிற்று, பாடைக்கு மூங்கில் வந்து வாசலில் கிடந்தது. மதியழகனுக்குக் கம்பெனியில் கொடுத்த லீவு முக்கால்வாசி வழியிலேயே போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் திரும்பாவிட்டால் விசாவை வெட்டி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னான். தண்ணீர்க்குடம் எடுக்கிற நேரத்தில் பரமேஸ்வரி வந்தாள். மற்றவர்கள் எடுத்ததெல்லாம் போக, அவளுடைய டிபன் டப்பா ஒன்றுதான் தவமணியின் இடுப்போரம் பாக்கி இருந்தது. எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"தம்பி வந்துருச்சு மாமா. அக்காவ நல்லபடியா எடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"எப்புடிப் பாத்துக்குவ?" என்று கேட்டார் வைரக்கண்ணு.

பரமேஸ்வரி நின்றாள். எப்படி என்று யோசித்துப் பார்த்தாள். கண்ணீர்தான் வந்தது. அவளுக்குப் பின்னால் வாசலில் இலக்கியா, பாடை மூங்கிலைத் தாண்டித் தாண்டிக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தது. யாரோ பிடித்து இழுத்து அதட்டினார்கள். வைரக்கண்ணு அந்தப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு பரமேஸ்வரியின் கையிலிருந்த டப்பாவை வாங்கி, பழைய இடத்திலேயே வைத்தார். "இருக்கட்டும். கரண்ட்டு வந்தப்பறம் எடுத்துக்கலாம்" என்றார்.

"என்ன சொல்றீங்க? கரண்ட்டு என்னைக்கு வரும்?" என்றான் மதியழகன்.

"கம்பம் வந்துருச்சாம். கம்பி வரல. அடுத்த வாரமாவும்."

"நான் நாளைக்குக் கெளம்பணும்ப்பா."

"தெரியும்."

"அப்ப கொள்ளி யாரு வக்கிறது?"

வைரக்கண்ணு டப்பாவின் மூடியை அழுத்திவிட்டார். "நான் வச்சிக்கறேன்."

பெற்ற பிள்ளை கல்லுக்குண்டாக நிற்கும்போது புருஷன் கொள்ளி வைக்கிறதா என்று நாட்டாமை வாயெடுத்து, எடுத்ததை விழுங்கிக்கொண்டார். அவர் பேரனும் பெஞ்சுக்கு அடியில் தூங்கின பிள்ளைதான்.

மதியழகன் அப்பாவைக் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனான். கத்தவில்லை. கத்தியிருந்தால் வைரக்கண்ணுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் அங்க எப்புடித் தவிச்சேன் தெரியுமா? முகத்தப் பாத்துட்டேன், சரி. அம்மாவுக்குச் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு மிச்சம். அதையும் வேணாங்கறீங்க. அந்தப் புள்ளைக்காகத்தான் வச்சிருக்கீங்களா? இல்ல அந்தப் புள்ளையச் சாக்கு வச்சிக்கிட்டு நீங்க அனுப்ப மாட்டேங்கறீங்களா? பக்கத்துல முக்காலியப் போட்டுக்கிட்டு நாளெல்லாம் பேசுறீங்களாமே. செல்லையன் சொன்னான்."

வைரக்கண்ணு விழுந்து கிடந்த முருங்கையின் மேல் உட்கார்ந்தார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். "ரெண்டும்தான் தம்பி" என்றார் கடைசியில். "எது எவ்வளவுன்னு எனக்கே தெரியல. ஆனா அந்தப் புள்ள கண்ணு சொருவுனத நீ பாக்கல. நான் பாத்தேன். ஒங்கம்மாவ எடுத்தப்பறம் அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா, நீ வச்ச கொள்ளி என் வயித்துலல்ல எரியும்."

மதியழகன் கெட்ட பிள்ளை இல்லை. கெட்ட பிள்ளையாக இருந்திருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போயிருப்பான், நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது. அவன் உள்ளே போய், தவமணிக்கு மூன்று முறை வாய்க்கரிசி போட்டான். புதுச்சேலையை மேலே போர்த்தினான். டிபன் டப்பா மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அம்மாவின் கையை எடுத்து அதன் மேல் வைத்தான். மறுநாள் பின்மதியம் அவன் பெட்டியோடு கிளம்பியபோது, தெருவிலே யாரும் வாசலுக்கு வந்து வழியனுப்பவில்லை. வெட்கம்தான். எல்லோரும் கதவிடுக்கில் நின்று பார்த்தார்கள். பரமேஸ்வரி மட்டும் ஊர் எல்லைவரைக்கும் பின்னாலேயே நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

அடுத்த வாரம் வரும் என்று சொன்ன கரண்ட், மதியழகன் போன மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தது.

எங்கிருந்தோ கம்பி கிடைத்து, லைன்மேன்கள் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு சேரத் தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது. புயலன்று போட்டபடி விட்ட சுவிட்சுகள் எல்லாம் ஒன்றாய் உயிர் பெற்று, டிவிகள் கத்தின, மிக்சிகள் சுற்றின, கோயில் ஸ்பீக்கர் பாதி வரியிலிருந்து பாடத் தொடங்கியது. பிள்ளைகள் ஊளையிட்டுக்கொண்டு ஓடின. வைரக்கண்ணு வீட்டுக் கூடத்தில் டியூப்லைட் இரண்டு முறை கண்ணடித்து எரிந்தது. மூலையில் பிரிட்ஜ் உறுமியது. பரமேஸ்வரி ஓடிவந்து, டிபன் டப்பாவை எடுத்துக் கதவுத் தட்டில் வைத்து, மூடி, அந்தக் கதவின் மேலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

வைரக்கண்ணு முக்காலியில் இருந்தபடி தவமணியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் ஜன்னல் வெளிச்சத்திலும் சிம்னி விளக்கிலும் பார்த்த முகம். டியூப்லைட் வெளிச்சத்தில் அது வேறாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உதடு உள்வாங்கியிருந்தது. அவர் கையை நீட்டி அவளுக்குப் பக்கத்தில் அந்த ஒரு முழத்தைத் துழாவினார். குளிர் இல்லை. கூடத்தில் இருந்த அதே வெக்கைதான் அங்கேயும் இருந்தது. காத்திருந்த நாளெல்லாம் ஒன்றுகூடி வாசலில் வந்து நிற்கின்றன, இனி விடியும்வரைகூடத் தாங்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மனைவி செத்துப்போனாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதார். நாட்டாமையும், டவுனிலிருந்து வந்திருந்த செல்லையனும், இன்னும் நாலைந்து பேரும் வந்து நின்றார்கள். பொழுது சாய்ந்தபின் எடுப்பதில்லை, ஆனாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அவர்கள் கிசுகிசுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் செல்லையனின் ஃபோன் அடித்தது. டவருக்கும் உயிர் வந்திருந்தது. எடுத்துப் பார்த்த செல்லையன் முகம் மாறி, வைரக்கண்ணுவிடம் நீட்டினான். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து மதியழகன்.

வைரக்கண்ணு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். வெளியே கத்துகிற டிவியைக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பரமேஸ்வரிதான் முதலில் போனாள். மெயின் சுவிட்சை இறக்கினாள். கூடம் இருண்டது, ஃபேன் தேய்ந்து நின்றது. நாட்டாமை வாசலுக்குப் போய்க் கையைக் காட்ட, எதிர்வீடு இருண்டது. அதற்கடுத்த வீடு இருண்டது. ஒருவர் மற்றவருக்குக் கையைக் காட்டக் காட்ட, டிவிகள் வாயை மூடின, கோயில் ஸ்பீக்கர் நின்றது, மோட்டார்கள் அடங்கின. வாரக்கணக்கில் காத்துக் காத்துப் பெற்ற கரண்ட்டை அந்தத் தெரு வீடு வீடாக அணைத்துவிட்டு, இருட்டில் வாசலில் வந்து நின்றது. ஓடிக் கத்திய பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன.

ஒருமுறை அடித்து ஓய்ந்து மறுபடி அடித்த ஃபோனை வைரக்கண்ணு காதில் வைத்தார். "சொல்லு தம்பி."

"அப்பா, லைன் கிடைச்சிருச்சே. கரண்ட்டு வந்துருச்சா?"

"எங்க வந்துச்சு. டவருக்கு ஜெனரேட்டர் போட்டுருக்கானாம். அதான் மணி அடிக்குது."

இந்தப் பக்கத்து அமைதியை அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "உள்ள கூப்புடுறாங்கப்பா. ஏறட்டுமா? இல்ல, வரட்டுமான்னு மனசு அடிச்சிக்குது. வந்தா இங்க வேலை போயிரும். போனா..."

"ஏறு தம்பி. கரண்ட்டு வர இன்னும் நாளாவும். நீ வந்தாலும் சும்மாத்தான் ஒக்காந்திருக்கணும்."

"இலக்கியா நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"அம்மா?"

"அப்படியேதான் இருக்கா."

"நெத்தியத் தொட்டுப் பாருங்கப்பா. அன்னைக்குத் தொட்டேன்ல, அந்தச் சில்லிப்பு இன்னும் என் கையிலயே இருக்கு. இப்பவும் அப்படித்தான் இருக்கா?"

வைரக்கண்ணுவின் உள்ளங்கை அங்கேதான் இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல அது வெதுவெதுத்து வந்தது.

"சில்லுன்னு இருக்குப்பா" என்றார். மில் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டையிலிருந்து, பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்காத குரலில், பதமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அப்படியேதான் இருக்கு. நீ கவலப்படாம ஏறு."

ஃபோனைச் செல்லையனிடம் கொடுத்தார். பரமேஸ்வரி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "போடட்டுமா மாமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா" என்றார் வைரக்கண்ணு, தவமணியின் தலைப்பக்கம் கையைக் கொடுத்துக்கொண்டே. "இருட்டோடயே எடுத்துருவோம்."